சிவன்மலை உத்தரவும் சீனத்துப் பெரியவர்களும்

வரலாற்றுத் தொடர் – 31

படியூர் மண்ணில் தோண்டிய நீலப்பச்சைக் கல் கொடுமணலில் பட்டை தீட்டப்பட்டு, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தில் ஏறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். “மேற்கே போனதைத்தான் எல்லோரும் எழுதுகிறீர்கள், கிழக்கே ஒன்றும் இல்லையா?” என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. ஆனால் இந்த வாரம் சரக்குக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, சாமிக் கணக்கைப் பார்ப்போம்.

காங்கேயத்திலிருந்து திருப்பூர் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே சிவன்மலை. சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ‘ஆண்டவர் உத்தரவுப் பெட்டி’ என்றால் கொங்குச் சீமையில் தெரியாதவர் இல்லை. யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் வந்து, இன்ன பொருளை என் பெட்டியில் வை என்கிறார். அவர் மலைக்கு வந்து சொல்கிறார். சொன்னவுடன் வைத்துவிட மாட்டார்கள். சந்நிதியில் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு உறுதி. அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும்வரை அந்தப் பொருள் பெட்டியில் இருக்கும். அது ஒரு வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். மண், தண்ணீர், மஞ்சள், தங்கம், சைக்கிள், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கின்றன. மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை என்ன ஆகும், மண் வைத்தால் நிலத்துக்கு என்ன நேரும் என்று டீக்கடைகளில் விவாதம் நடக்கும். சாமி ‘ஏறும்’ என்றோ ‘இறங்கும்’ என்றோ சொல்வதில்லை. பொருளை மட்டும் காட்டுவார். மீதி நம் பாடு.

இதே காரியத்தைத் தென்சீனத்து பூஜியன் மாகாணத்திலும், தைவானிலும், பினாங்கு, சிங்கப்பூர் சீனக் கோயில்களிலும் இன்றும் பார்க்கலாம். பிறை வடிவில் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. சாமி முன் மண்டியிட்டுக் கேள்வியைச் சொல்லி இரண்டையும் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையும் ஒன்று புடைப்புமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் புடைப்பு என்றால் மறுப்பு. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். கேள்வியை ஒழுங்காகக் கேள் என்று திருப்பி அனுப்புகிறார். சிரிக்கிற சாமி எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பூப்போடுதலில் அதற்கு இடம் வைக்கவில்லை.

சாமியிடம் உத்தரவு கேட்பது சீனத்தில் எழுத்தளவுக்குப் பழையது. 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் வம்சத்து அரசர்கள் அன்யாங் நகரில் மாட்டுத் தோள்பட்டை எலும்பையும் ஆமையின் அடியோட்டையும் சூடுகாட்டி, விழுந்த விரிசலைப் பார்த்து மழை வருமா, போருக்குப் போகலாமா, ராணிக்கு நல்ல பிரசவமா என்று கேட்டார்கள். (மாட்டைப் பிள்ளையாக வளர்க்கும் காங்கேயத்தார் மன்னிக்க வேண்டும்.) சீன எழுத்தின் மிகப் பழைய சான்றுகள் அந்த எலும்புகளில் கீறியவைதான். யாரிடம் கேட்டார்கள் என்பது முக்கியம். பெரும்பாலும் செத்துப்போன தாத்தன், பாட்டன்களிடம்.

இந்த முன்னோர் வழிபாட்டை எடுத்து ஒரு வாழ்க்கை ஒழுங்காக மாற்றியவர் கன்பூசியஸ். கி.மு. 551 முதல் 479 வரை, இன்றைய ஷான்டோங் மாகாணத்துச் சூஃபூ ஊர்க்காரர். அவர் புது சாமி எதையும் கொண்டுவரவில்லை. ஆவிகளுக்கு எப்படிச் சேவை செய்வது என்று சீடன் கேட்டபோது, மனிதர்களுக்கே ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் அதைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாய் என்கிற தொனியில் பதில் சொன்னவர். அவருக்குச் சடங்குதான் முக்கியம். யார் முன்னால் யார் எழுந்து நிற்பது, எதைப் பெரியவருக்குப் பின் உண்பது, அப்பா இறந்தால் எத்தனை நாள் துக்கம் காப்பது, எல்லாம் சடங்கில் அடக்கம். அந்தச் சடங்கு மனத்தைப் பழக்கும், பழகிய மனம் ஊரை ஒழுங்காக வைக்கும் என்பது அவர் கணக்கு. பெற்றோர் இறந்தால் மூன்று வருஷம் துக்கம் என்பது பழைய விதி. சாய் வோ என்ற சீடன் ஒரு வருஷம் போதாதா என்றான். உனக்கு நெருடவில்லை என்றால் அப்படியே செய் என்று அனுப்பிவிட்டார் குரு. அவன் தலை மறைந்ததும், பிறந்த பிள்ளை தாய் தகப்பன் கையை விட்டு இறங்க மூன்று வருஷம் ஆகிறதே, இவனுக்கு அது நினைவில்லையா என்று மற்றவர்களிடம் நொந்துகொண்டார்.

இதில் பூசாரி எங்கே? கிடையாது. வீட்டுக்கு மூத்தவர்தான் பூசாரி. முன்னோர் பெயர் எழுதிய மரப்பலகை முன் ஊதுபத்தியும் சோறும் வைத்துக் கும்பிட வேண்டியவன் மகன். கன்பூசியம் மதமா இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுவதற்கு இதுவே பாதிக் காரணம்.

கொங்கு வேளாளர் கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை வேடிக்கையாக இருக்கும். இன்றைக்கு மண்டபத்தில் ஓமம் வளர்க்க ஐயர் வந்தாலும், சீர் நடத்துவது அருமைக்காரர். அவர் பூசாரி அல்ல, நம் சாதிசனத்தில் ஒரு பெரியவர். பெண்டு பிள்ளையோடு வாழ்ந்து, தனக்குரிய அருமைச்சீரைச் செய்துகொண்டவர். அதனால் அடுத்தவர் கல்யாணத்தை நடத்திவைக்கத் தகுதி பெற்றவர். வேதம் படித்ததால் வந்த தகுதி இல்லை, வாழ்ந்து காட்டியதால் வந்தது. நாட்டுக்கல்லுக்குப் பூசை, மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தாளை நிறுத்திச் செய்யும் இணைச்சீர், குடிமகன் (நாவிதர்) நின்று பாடும் மங்கல வாழ்த்து, இடையிடையே மத்தளம். அந்த வாழ்த்தைக் கம்பர் பாடிக்கொடுத்தார் என்பது கொங்கு மரபு. சூஃபூ ஊர்ப் பெரியவர் ஒருநாள் காங்கேயத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீரும் முறைப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டுப் பந்திக்கு முந்துகிறவர்களைக் கண்டு முகம் சுளிப்பார்.

இன்னொன்றும் அவருக்குப் பழகியதாகவே இருக்கும். பொண்ணு பார்க்கப் போனால் முதல் கேள்வி: “நீங்க என்ன கூட்டமுங்க?” கண்ணந்தை, தூரன், செம்பன், பயிரன், ஓதாளன் என்று பதில் வரும். கூட்டம் ஒன்றாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஊர் வேறாக, தலைமுறை பத்தாக இருந்தாலும் அவர்கள் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. சீனத்தில் இதைச் சட்டமாகவே போட்டார்கள். கி.பி. 653-இல் வெளிவந்த தாங் சட்டத்தொகுப்பு, ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்கள் மணந்தால் இரண்டு வருஷம் கடுங்காவல் என்றது. கன்பூசியத்தைச் சீனத்தைவிட இறுக்கிப் பிடித்த தென்கொரியாவில் ஒரே குலத்துத் திருமணத் தடை சிவில் சட்டத்திலேயே இருந்தது. 1997-இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. நமக்குச் சட்டம் தேவைப்படவில்லை. பங்காளிகளின் வாய் போதுமானதாக இருந்தது.

தந்தை வழியாகவே குலம் ஓடும் இந்த ஏற்பாட்டில் பெண் எங்கே நிற்கிறாள்? கன்பூசியர் வகுத்த ஐந்து உறவுகள் இவை: அரசன்–குடி, தந்தை–மகன், கணவன்–மனைவி, அண்ணன்–தம்பி, நண்பன்–நண்பன். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மேலே ஒருவர், கீழே ஒருவர். மகளுக்குத் தனி வரி கூட இல்லை. கன்பூசியஸின் வம்சாவளி ஏடு உலகத்திலேயே நீளமான குடும்ப ஏடுகளில் ஒன்று. 2009-இல் வெளிவந்த பதிப்பில் இருபது லட்சத்துக்கு மேல் பெயர்கள். அந்தப் பதிப்பில்தான் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். ஏறத்தாழ 2,500 வருஷம் காத்திருந்தார்கள் பெண்கள்.

காங்கேயம் பக்கத்துக் காடையூருக்கு வந்தால் கதை வேறு திசையில் திரும்புகிறது. அங்கே குலதெய்வம் வெள்ளையம்மாள். பிறந்த வீட்டு நிலத்தில் தன் பிள்ளைகளுக்குப் பங்கு கேட்டு நின்றவள். உடன்பிறந்தார் கொடுக்க மனமில்லாமல், சுடாத மண்குடத்தில் தண்ணீர் கொண்டுவா என்பது போன்ற நடக்காத காரியங்களைச் சொன்னார்கள். அவள் நடத்திக் காட்டினாள், பங்கும் வாங்கினாள். ஊருக்கு ஊர் கதையின் கிளைகள் மாறும். நடு முடிச்சு மாறாது. பங்காளிகள் எல்லாம் ஆண்வழியே எண்ணிக்கொண்டு வந்து, கடைசியில் கைகூப்பி நிற்பது சொத்துக் கேட்ட மகளின் முன்னால்! இதைப் பெண்ணுக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, ஒருத்தியைச் சாமியாக்கிவிட்டு மற்ற மகள்களுக்குப் பங்கு கொடுக்காமல் தப்பிய கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொள்வதா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989-இல் சட்டமாக வந்தபோது வெள்ளையம்மாளை யாரும் சாட்சிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

இந்த முறைமைகளுக்கு எதிர்ப்பும் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிளம்பியது. 1919-ஐ ஒட்டிய வருஷங்களில் பீக்கிங் மாணவர்களும் லூ சுன் போன்ற எழுத்தாளர்களும் கன்பூசியஸின் கடையை இழுத்து மூடுவோம் என்று புறப்பட்டார்கள். 1925-இல் நம் ஈரோட்டுக்காரர் சுயமரியாதை இயக்கம் கண்டார். சடங்கில்லாத திருமணத்துக்கு 1967-இல் சட்டமும் வந்தது. காங்கேயத்திலிருந்து ஈரோடு ஒரு மணி நேர பஸ் பயணம்.

எதிர்ப்பு வந்தும் முன்னோர் சடங்கு நின்றுவிடவில்லை. இந்து மதத்தின் அடிப்படை என்று பாடப்புத்தகம் சொல்வது தர்மம், கர்மவினை, மறுபிறப்பு, வீடுபேறு. ஆடி அமாவாசையன்று பவானி கூடுதுறையிலோ கொடுமுடியிலோ எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். அப்பா வினைப்படி எங்கோ மறுபிறவி எடுத்துவிட்டார் என்றால், இந்தப் பிண்டம் யாருக்கு? எடுக்கவில்லை என்றால் கர்மக் கணக்கு என்ன ஆயிற்று? சாஸ்திரம் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறது. ஆனால் ஆற்றில் நிற்கிறவர் விளக்கம் கேட்பதில்லை. காலையில் பிண்டம் வைக்கிறார். மாலையில், “போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினனோ” என்கிறார். இரண்டும் உண்மை. சீனரும் இப்படித்தான். முன்னோரின் உயிர் ஒன்று கல்லறையில், ஒன்று வீட்டுப் பலகையில் என்று நெடுங்காலமாக நம்பினார்கள். பௌத்தம் வந்து மறுபிறப்பைச் சொன்னபோது, அதையும் வாங்கி அதே அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். எது முதலில், எது சரி என்று யாரும் வீட்டில் பஞ்சாயத்து வைக்கவில்லை. மதங்களைக் கொள்கைப் பட்டியலாகப் படிக்கிறவர்கள் இடறி விழுகிற இடம் இது. கொள்கைகள் முட்டிக்கொள்ளும். செய்முறைகள் முட்டாது, ஏனென்றால் அவற்றுக்கு வேறு வேறு நாள், வேறு வேறு இடம்.

இனி மலைக்குப் போவோம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் ஊதியூர். பொன்னூதி மலை. அங்கே குகையில் தவம் இருந்தவர் கொங்கணச் சித்தர். நெருப்பை ஊதி ஊதிப் பொன் செய்தார் என்பது மலைக்கு வழங்கும் கதை. அவர் போகரின் சீடர் என்பார்கள். போகர் யார்? பழனியில் ஒன்பது பாஷாணம் கூட்டித் தண்டாயுதபாணி திருமேனியைச் செய்தவர், சீனதேசம் போய் வந்தவர், சீனராகவே பிறந்தவர் என்றும் ஒரு பேச்சு. போகர் சீனம் போனார் என்பதற்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. சித்தர் பாடல்களும் செவிவழிக் கதையும்தான். ஆனால் பழனியும் ஊதியூரும் சொல்கிற சரக்கை அப்படியே சீனத்து மலைகளிலும் கேட்கலாம். அந்த ஒற்றுமைதான் ஆளைத் திகைக்க வைக்கிறது.

சீனத்து மலைக்காரர்கள் தாவோ நெறியினர். லாவோட்சு என்ற கிழவர் பெயரில் 81 பகுதிகளாக, ஏறத்தாழ 5,000 எழுத்துகளில் ஒரு சிறு நூல். அதுதான் மூலம். கி.பி. 142-இல் சாங் தாவ்லிங் என்பவர் மலையில் லாவோட்சுவைத் தரிசித்து ஒரு நெறியையே தொடங்கினார் என்பது அவர்கள் வரலாறு. பிறகு கோ ஹொங் போன்றவர்கள் சாகாமல் இருக்க மருந்து தேடினார்கள். என்ன மருந்து? நம் சித்த வைத்தியர் அரைக்கும் அதே ரசம், கந்தகம், லிங்கம். லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புத் தாது. சூடாக்கினால் வெள்ளி போல ரசம் பிரியும், மறுபடி கந்தகத்தோடு கூட்டினால் சிவப்பாகவே திரும்பி வரும். செத்துப் பிழைப்பது போலக் கண்முன் நடக்கிற இந்த வித்தையைப் பார்த்தவன், மனித உடம்புக்கும் இதைச் செய்யலாம் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நாம் காயகற்பம் என்றோம், அவர்கள் சாகா மாத்திரை என்றார்கள். தாங் வம்சத்து அரசர்கள் சிலர் அதைத் தின்றே போய்ச் சேர்ந்தார்கள். வூசோங் மன்னன் 846-இல் போனது அந்த மாத்திரையால் என்பார்கள். இதே தேடலில் வெடியுப்பையும் கந்தகத்தையும் கலந்து தாடியைப் பொசுக்கிக்கொண்டவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் வெடிமருந்தைக் கண்டுபிடித்தார்கள். சாகாமல் இருக்கத் தேடியது சாகடிக்கக் கிடைத்தது.

பிறகு இரு நாட்டிலும் கெட்டிக்காரர்கள் அடுப்பை உடம்புக்குள் கொண்டுபோனார்கள். மூச்சுதான் துருத்தி, வயிறுதான் உலை. நம்மவர்கள் வாசியோகம் என்றார்கள், அவர்கள் உள்ரசவாதம் என்றார்கள். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று நூறு வருஷமாக வாதம் நடக்கிறது.

தாவோ நெறியின் உயிர்நாடி மாத்திரையில் இல்லை, ‘செய்யாமல் செய்வது’ என்ற கருத்தில் இருக்கிறது. புத்தகத்தில் படித்தால் சோம்பேறிக்குச் சாக்கு போலத் தெரியும். காங்கேயத்துக் கொறங்காட்டைப் பார்த்தால் விளங்கும். உழவில்லை, எருவில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் ஆங்காங்கே வெள்வேலம், தரையில் கொழுக்கட்டைப் புல். மாட்டை எந்தக் காட்டில் எப்போது விடுவது, எப்போது படலைச் சாத்திப் புல்லை ஓய விடுவது என்பது மட்டும்தான் ஆளின் வேலை. மீதியை மழை பார்த்துக்கொள்ளும். ஆண்டானும் ஊரை இப்படி விட வேண்டும் என்றார் லாவோட்சு. கன்பூசியருக்கு இது கட்டோடு பிடிக்காது. அவர்கள் ஊரையே நாற்றங்கால் ஆக்குகிறவர்கள்.

சீனத்தில் வீடும் மலையும் இப்படி இரண்டு நெறிகளாகப் பிரிந்தன. உத்தியோகத்தில் இருக்கும்போது கன்பூசியர், வேலை போனதும் தாவோ நெறியினர் என்று படித்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். தாவோ ஞானி சுவாங்ட்சு தன் மனைவி இறந்தபோது பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாராம்; மூன்று வருஷத் துக்கக்காரர்கள் அதைக் கேட்டால் என்ன பாடுபட்டிருப்பார்கள்! இந்து சாஸ்திரம் இதே சிக்கலுக்கு வரிசை போட்டது: முதலில் இல்லறம், பிறகு துறவு. கொங்கு நாடு சாஸ்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரே சாமியை இரண்டு மலையில் வைத்துவிட்டது. சிவன்மலையில் முருகன் குடும்பஸ்தன், பழனியில் கோவணத்தாண்டி. நடுவில் ஊதியூர் சித்தர். தைப்பூசத்துக்குக் காங்கேயம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர் சிவன்மலையிலிருந்து இறங்கி, ஊதியூரைத் தாண்டி, ஆண்டியிடம் போய் மொட்டை போட்டுக்கொண்டு, அடுத்த நாள் பஸ் பிடித்துக் கடையைத் திறக்க வந்துவிடுகிறார். சிவன்மலையோடு சிவவாக்கியரையும் சேர்த்துச் சொல்வது ஊர் மரபு. நட்ட கல்லைச் சுற்றுவதை எள்ளி நகையாடிய சித்தர், பூப்போட்டுக் கேட்கிற அந்தக் கல்லின் மலையிலேயே! யாருக்கும் இதில் உறுத்தல் இல்லை.

போகருக்குச் சான்று இல்லை என்றேன். தமிழர் சீனத்தில் சாமி கும்பிட்டதற்குக் கல்வெட்டே இருக்கிறது. சோழ அரசின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளில் சோங் அரசவைக்குப் போயின. அதற்கடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் பூஜியன் கடற்கரைத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் குடியேறியிருந்தார்கள். 1281 ஏப்ரல், சித்திரை மாதம், அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் எடுத்தது. சக ஆண்டு போட்டுத் தமிழில் பொறித்த கல்வெட்டின் அடியில் சீன எழுத்தில் ஒரு வரி. செகசை கானின் அனுமதியோடு, அவர் உடல்நலம் வேண்டி எடுத்தது என்கிறது அந்தக் கல். அப்போது சீனத்தை ஆண்டவர் மங்கோலியரான குப்ளாய் கான். கடற்கரையில் தமிழன் கட்டிய சிவன் கோயில், குதிரைமேல் வந்த மங்கோலிய மன்னனின் திருமேனிக்காக, கன்பூசியர் நிறைந்த ஊரில்! ஆள்கிறவன் நலத்துக்காகக் கோயில் எடுப்பது நம் ஊரில் பழைய வழக்கம். அரசனுக்குக் குடி செய்ய வேண்டியது அங்கே ஐந்து உறவில் முதல் உறவு. இரு தரப்புக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் நடந்த கலகத்தோடு அயல்நாட்டு வணிகர் குடியிருப்புகள் அழிந்தன. கோயில் போயிற்று, கற்கள் தங்கின. நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்கள் அவ்வூர்ப் பெரிய பௌத்தக் கோயிலான கையுவான் கோயிலின் பின்மண்டபத்தில் நிற்கின்றன. யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பம், பசு லிங்கத்தின் முன் நிற்கும் சிற்பம் எல்லாம் கிடைத்திருக்கின்றன. (திமில் பார்த்து இது காங்கேயம்தான் என்று யாராவது கிளம்ப வேண்டாம்.) பக்கத்துச் செதியான் கிராமத்தில் ஒரு சிறு கோயிலில், நம் ஊர் அம்மன் சிலை ஒன்றைக் குவான்யின் தேவி என்று ஊர்மக்கள் இன்றும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான்யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. குவான்யினைக் கும்பிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். கோயில்காரர்களும் அதற்கென்றே ஊதுபத்திச் சட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம், அண்ணன்–தம்பி உறவை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்காள்.

(தொடரும்)